பேட்டரி சீட்டின் தண்ணீர்

"காலத் தூக்குங்க, சித்த காலத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் சின்னவேல் சாக்கை விரித்து, முட்டி போட்டு, ஓடுகிற மினி பஸ்ஸின் தரையில் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஒற்றி எடுக்க, அந்த சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் ஜன்னலுக்கு வெளியேயும் அவன் டிரைவரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க இங்க தண்ணி பாட்டலத் தெறந்து வெச்சது?"

யாரிடமும் பாட்டில் இல்லை. மழையும் இல்லை. பங்குனி வெயிலில் வண்டியின் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவேல் சாக்கை ஜன்னலுக்கு வெளியே பிழிந்துவிட்டுத் திரும்பும்போது அந்த இடத்தில் மறுபடியும் ஒரு கை அளவு தண்ணீர் ஊறியிருந்தது. அப்போதுதான் வாசனையும் வந்தது. கீறிய அன்னாசிப் பழத்தின் வாசனை. மேட்டுவலசிலும் அன்னாசி விளையாது, சந்தைப்பாளையத்திலும் அன்னாசி விற்காது, இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுகிற செல்லாண்டியம்மன் மினி பஸ்ஸில் அன்றைக்கு ஏறியிருந்தவை கோழியும் புண்ணாக்கும் தேங்காயும் மட்டும்தான். பஞ்சு மில்லுக்குப் போகிற துளசாக்கா மூக்கை நிமிர்த்தி நான்கு பக்கமும் திருப்பினாள்.

"யாரு கூடைல பழம் இருக்குதோ ஒரு துண்டு குடுங்க சாமி. புள்ளத்தாச்சி ஒருத்தி வண்டில இருக்கறா, கேட்டும் குடுக்காமப் போனா பாவம்."

கூடைகளைத் திறந்து பார்த்தார்கள். கோழிகள்தான் எட்டிப் பார்த்தன. மூக்கை வைத்துத் தேடிக்கொண்டே வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இரண்டு பேர் சீட்டுக்கு வந்து நின்றார்கள். அது பேட்டரிப் பெட்டிக்கு மேலே போட்ட சீட். கீழேயிருந்து எஞ்சின் சூடும் சேர்ந்து வருவதால் உட்கார்ந்தால் தொடை வேகும் என்று யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

யாரும் உட்கார மாட்டார்கள் என்பதாலேயே கோகிலவாணி அதில் உட்காருவாள். சந்தைப்பாளையத்து டாக்டரின் கிளினிக்கில் அவள் நர்சு. ஊசி போடுகிற கைக்கு ஸ்பிரிட் வாசனை அப்பிக்கொண்டு, குளித்தாலும் போகாமல், அவள் தெருவில் வந்தால் குழந்தைகள் முகத்தைப் பார்க்கும் முன்பே வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். நாச்சிமுத்து எந்த சீட்டிலும் உட்காருவதில்லை. அவன் வெண்ணெய் மண்டியில் மோந்து பார்க்கிற ஆள். டின்னுக்கு டின் விரலை விட்டு, எடுத்து, மூக்குக்குக் கீழே வைத்து, நல்லது, பழசு, கெட்டது என்று சொல்லுவான். அவன் சொன்னதுதான் விலை. கெட்ட வெண்ணெயின் நாற்றம் வருஷக்கணக்காக அவன் தோலில் இறங்கிவிட்டிருந்தது. யாரும் அவனிடம் எதுவும் சொன்னதில்லை. அவன் ஏறினால் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள், ஆண்கள் பீடி பற்ற வைப்பார்கள், அவன் பின்படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையிலும் காற்றிலும், ஊர் வரும் வரைக்கும் தொங்கிக்கொண்டு வருவான். அன்றைக்குச் சந்தைக் கூட்டம் அவனைப் படியிலிருந்து உள்ளே தள்ளி, உள்ளேயிருந்து இன்னும் உள்ளே தள்ளி, காலியாக இருந்த அந்த அரை சீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. ரயில்வே கேட் தாண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் கூட்டம் இல்லை. அவன் படியில் நின்றான், அவள் சீட்டில் உட்கார்ந்தாள், தண்ணீரும் வரவில்லை, வாசனையும் வரவில்லை. அந்தப் புள்ளத்தாச்சி இரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். துளசாக்கா எழுந்து பின்படிக்குப் போய், முந்தானையால் தன் மூக்கை மூடிக்கொண்டு, மற்றக் கையால் நாச்சிமுத்துவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து பேட்டரி சீட்டில் உட்கார வைத்தாள். "நேத்து மாதிரியே உக்காரு. நகராத" என்றாள். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. புள்ளத்தாச்சி கண்ணை மூடித் தூங்கினாள். துளசாக்கா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

அதற்குப் பிறகு இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. வண்டிக்கு ஹாரன் இருப்பதுபோல அந்த வண்டிக்கு வாசனை இருந்தது. மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து தலைவலியோடு வருகிறவர்கள் முன்பக்கம் நின்று வந்தார்கள். வாயில் ருசி செத்துப்போன காய்ச்சல்காரர்களை வீட்டார் கூட்டிவந்து ஒரு நடை போய் வரச் செய்தார்கள். ரோட்டில் ஓடுகிற மற்ற வண்டிகளில் ஆள் குறைந்தது. கூட்டம் கூடக் கூட அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் யாரும் போட்டி போடவில்லை. இரண்டு பேரும் வருவதற்கு முன் யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் பத்துக் கைகள் நீண்டு எழுப்பிவிட்டன. மற்றவர்களும் தங்களுக்குள் ஏதாவது வருமா என்று பார்க்காமல் இல்லை. மாமியாரும் மருமகளும் ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள், வியர்வைதான் வந்தது. மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிறவர் ஒருவரும், படர்தாமரைக்குக் களிம்பு பூசிக்கொண்டு வந்த ஒரு லாரி டிரைவரும் பேட்டரி சீட்டை ஒரு நடைக்கு இரவல் வாங்கி ஒட்டி உட்கார்ந்து வந்தபோது மட்டும் வலித்தைலத்தின் வாசனை வந்தது. முழங்கால் வலிக்காரர்கள் அந்த இருவரையும் விடவில்லை. வண்டி முதலாளி பின்பக்கம் இன்னொரு பேட்டரி வைத்து அவர்களுக்கும் ஒரு சீட் போட்டுக் கொடுத்தார்.

சீட்டுக்கு மேலே பெயர் எழுத வேண்டும் என்று யாரோ சொன்னதில்தான் சண்டை வந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நாச்சிமுத்து பெயர்தான் முதலில் வர வேண்டும் என்றார்கள், அவன் இல்லாவிட்டால் வெறும் ஸ்பிரிட்டுதானே என்றார்கள். கோகிலவாணியின் தெருக்காரர்கள் அவள் இல்லாவிட்டால் வெறும் நாற்றம்தானே என்று திருப்பிக் கேட்டார்கள். பெயிண்டர் பிரஷ்ஷோடு நின்றான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற ரெஜினா டீச்சர் வண்டியில் இருந்ததால் அவரைக் கேட்டார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதையே சொன்னார்.

"ஒரு அமிலம் வேணும், ஒரு ஆல்கஹால் வேணும். சேத்து சூடு பண்ணணும். கூட கொஞ்சம் அடர் கந்தக அமிலம். சின்னவேலு, இந்த சீட்டுக்குக் கீழ என்ன இருக்குது?"

"பேட்டரிங்க டீச்சர்."

"அதுக்குள்ள என்ன ஊத்தறீங்க?"

"ஆசிட்டுங்க."

"அவ்வளவுதான். கெட்ட வெண்ணெயில இருக்கறது பியூட்டனாயிக் அமிலம். ஸ்பிரிட்டுல இருக்கறது எத்தனால். அமிலம் தன்கிட்ட இருக்கற ஓஹெச்சை விடும். ஆல்கஹால் ஒரு ஹெச்சை விடும். விட்டது ரெண்டும் சேந்து தண்ணியாப் போகும், மிச்சம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதுதான் எஸ்டர். பழத்தோட வாசனையில பாதி இந்த மாதிரிதான்."

"அப்ப நர்சம்மா குடுத்தது கம்மி, நாச்சி குடுத்தது ஜாஸ்தி" என்றான் ஒரு மூட்டைக்காரன்.

"குடுத்தது கம்மின்னாலும் பேர்ல ஆல்கஹால்தான் முதல்ல. எத்தனாலோட வாலை வெட்டிட்டு எத்தில். அமிலம் ரெண்டாவது, அதோட வாலையும் வெட்டிட்டு ஓயேட்னு முடிக்கணும். எத்தில் பியூட்டனோயேட். உலகம் பூரா இப்படித்தான்."

"ரெண்டு பேருக்கும் வால வெட்டிட்டீங்களே டீச்சர்" என்றாள் துளசாக்கா. வண்டி சிரித்தது. பெயிண்டர் டீச்சர் சொன்ன முறைப்படியே நீலப் பெயிண்டில் எழுதினான்: கோகிலில் நாச்சிமுத்தோயேட். அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கியவர்கள் அன்றைக்கே அதை ஓயேட்டு என்று சுருக்கினார்கள். ஓயேட்டு வண்டி வந்துருச்சா, ஓயேட்டு ரெண்டும் ஏறிருச்சா என்று நிறுத்தங்களில் கேட்டார்கள்.

இறங்கப்போன டீச்சரை துளசாக்கா பிடித்து நிறுத்தினாள். "அந்தத் தண்ணிய என்ன பண்றதுங்?"

"எடுத்துருங்க. தண்ணி கெடந்தா திரும்பப் பிரிய ஆரம்பிச்சுரும், இது மீள் வினை. எடுக்க எடுக்க இன்னும் நல்லாச் சேரும்."

பள்ளி நிறுத்தம் வந்துவிட்டதால் டீச்சர் இறங்கிப் போனார். அவர் விட்டுப்போன அந்தச் சொல் வண்டியிலேயே தங்கி, ஊர் முழுக்கப் போய், மறுநாள் காலையில் துணிகளாகத் திரும்பி வந்தது. பழைய பாவாடை, வேட்டி, துண்டு, குழந்தைக்குத் தொட்டில் கட்டிய சேலை என்று மில்லுக்குப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒன்று கொண்டு வந்தார்கள். துளசாக்கா முறை போட்டாள். முறைக்காரி சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல் துடைத்துக்கொண்டே வர வேண்டும். பிழிந்த தண்ணீரை ஓடுகிற வண்டியிலிருந்து தூரமாக வீச வேண்டும். தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தவர்களைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். கோடை மழை ஒரு நாள் பிடித்துக்கொண்டபோது நான்கு பேர் தார்ப்பாய் பிடித்து அவர்கள் இருவரையும் வண்டியிலிருந்து இறக்கினார்கள், காலில் ஒரு துளி படவில்லை. வாசனை நாளுக்கு நாள் கெட்டியானது. வண்டி வருவதற்கு முன்பே வாசனை நிறுத்தத்துக்கு வந்து நின்றது.

இதற்கு நடுவில் கோகிலவாணி தன் கையை மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள். முதலில் வண்டியை விட்டு இறங்கினால் வாசனை போய்விடும். பிறகு கிளினிக் வரைக்கும் வந்தது. பிறகு வீட்டுக்கு வந்தது, தலையணைக்கு வந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஒரு கணம் அவளுடைய வாசனை, அடுத்த கணம் அன்னாசி. குழந்தைகள் இப்போது அவளைப் பார்த்து ஓடவில்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பழம் தருவாள் என்று நீட்டிய கையை அவள் பிடித்துத் திருப்பி ஊசி போட வேண்டியிருந்தது. அழுகிற குழந்தை அழும், அது எப்போதும் உள்ளதுதான். இந்தக் குழந்தைகள் அழாமல் அவள் முகத்தையே பார்த்தார்கள். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

பிறகு எறும்பு வந்தது. அவள் நின்ற இடத்துக்கு, உட்கார்ந்த ஸ்டூலுக்கு, தொங்கவிட்ட பைக்கு, சுவரோரமாக ஒரு கோடு கிளம்பி வந்துவிடும். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கு அவள் எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்தாள், வரச் சொன்னார்கள், போனாள். ஒரு நாள் முழுக்க வேலை செய்யவிட்டுப் பார்த்த மேட்ரன், சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு தரையைக் காட்டினார். வாசலிலிருந்து வார்டுக்குள் அவள் எங்கெல்லாம் நடந்தாளோ அங்கெல்லாம் எறும்பு நடந்துகொண்டிருந்தது.

"உன்னை மாதிரி கை எனக்கு வேணும்மா. ஆனா தோல் இல்லாம படுத்திருக்கறவங்க கட்டிலுக்கு இது ஏறக்கூடாது. அடுத்த மாசம் வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன். இந்த வாசனைய எங்கயாவது விட்டுட்டு வா."

நாச்சிமுத்துவுக்கு வேறு விதமாக வந்தது. ஒரு காலையில் மண்டியில் இறங்கிய டின்களில் வரிசையாக விரலை விட்டு, மோந்து, நல்லது, நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே போனான். எல்லாமே இனிப்பாக இருந்தது. அந்த வெண்ணெயில் காய்ச்சிய நெய்யில் ஒரு கல்யாண வீட்டுக்கு மைசூர்பாகு கிண்டி, பந்தியில் வைத்தபோது முதல் வரிசையே துப்பிவிட்டு எழுந்துவிட்டது. மண்டி முதலாளி அவனைத் திட்டவில்லை. "உனக்கு இப்ப எல்லாமே வாசமாத் தெரியுதாட்ட இருக்குது, கொஞ்ச நாளைக்கு டின்னு கழுவு" என்றார். அவன் பின்கட்டில் உட்கார்ந்து, கொதிதண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய டின்களைக் கழுவ ஆரம்பித்தான். ஆனாலும் தினமும் நிறுத்தத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். வண்டியில் அவனைக் கண்டதும் இப்போது, வாங்க நாச்சிமுத்தண்ணா என்றார்கள். பின்சீட்டிலிருந்து கை நீட்டி வெற்றிலை கொடுத்தார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்துவிட்டு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினாள். இறங்கும்போது குழந்தையை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அவன் அன்று முழுக்கத் தன் மடியைத் தட்டவில்லை.

இத்தனை நாள் ஒட்டி உட்கார்ந்தும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. மேட்ரனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவள்தான் பேசினாள். மொத்த வண்டியும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"எறும்பு வருதுங்க."

"எனக்குந்தானுங்க வருது."

"உங்களுக்கு வந்தா தட்டி விட்டுக்கலாம். கட்டுப் பிரிச்ச காயத்துக்கு வந்தா?"

அவன் கை விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினான். கீழே துடைத்துக்கொண்டிருந்தவள் அண்ணாந்து பார்த்து, "ரெண்டும் பேச ஆரம்பிச்சிருச்சு, இனி கல்யாணந்தான்" என்றாள். துளசாக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். கோகிலவாணி எழுந்து பின்பக்கம் போனாள். ஒருவர் தோளைத் தொட்டார், ஒருவர் முழங்கையைப் பிடித்தார், ஒருவர் "உக்காருங்க சிஸ்டர், வண்டி ஆடுது" என்றார். யாரும் தள்ளவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி அவளைத் திரும்ப அதே இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் அவள் புடவைக்குள் மறைத்துப் பாட்டில் கொண்டுவந்து காலடியில் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டி முடிப்பதற்குள் மூன்று துணிகள் வந்து விழுந்தன.

சனிக்கிழமை அவர்கள் இருவரையும் ரெஜினா டீச்சர் பள்ளி ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மேஜைகள் காலியாக இருந்தன. டீச்சர் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார், மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார்.

"தண்ணிய எடுங்கன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, நெறையத் தண்ணி. ரெண்டு பேரும் பழையபடி ஆவீங்க. ஆனா மெதுவா. பாதில எங்கயாவது நின்னுக்கும், மிச்சம் ஒட்டியேதான் இருக்கும்."

"பாதி போதாதுங்க டீச்சர்" என்றாள் கோகிலவாணி. "எறும்புக்குப் பாதின்னா தெரியாது."

"இன்னொண்ணு காரம். சலவைச் சோடாத் தண்ணி, சூடா. அது முழுசாப் பிரிச்சுரும், திரும்ப ஒட்டவே ஒட்டாது. நீங்க அப்படியே முழுசா வெளிய வந்துருவீங்க சிஸ்டர்." டீச்சர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "அமிலம் அமிலமாத் திரும்பாது. உப்பாயிரும்."

"சோத்துக்குப் போடற உப்புங்களா?"

"அது இல்ல. ஆனா உப்புதான்."

"உப்பானா என்னுங்க ஆகும்?"

"சோதனைக் குழாய்ல பாத்திருக்கேன். ஆளுகள்ல பாத்ததில்லைங்க. உங்க வாசனை உங்ககிட்ட இருக்காது. நல்லதும் இருக்காது, கெட்டதும் இருக்காது."

நாச்சிமுத்து எழுந்தான். மண்டியில் வேலை இருக்கிறது என்றான். அன்றைக்கு மண்டி விடுமுறை. வாசலில் செருப்பைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டு அவன் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அவன் வண்டியில் ஏறுவதும் உட்காருவதும் வெற்றிலை வாங்கிக்கொள்வதுமாக இருந்தான். அவள் மேட்ரன் சொன்ன மாதத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில், எல்லோரும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"பயமாங்க?"

"படில நின்னுட்டு வந்தவனுங்க நானு" என்றான் அவன், டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே. "எத்தன வருசம். ஒருத்தரும் போன்னு சொன்னதில்ல, ஒருத்தரும் வான்னும் சொன்னதில்ல. இப்பத்தான் சித்த உக்காந்திருக்கறனுங்க."

"நீங்க உக்கார எடம் வேணும்னு நான் எறும்போட போகணுமாங்க?"

முறைக்காரியின் துணி ஒரு நிமிஷம் நின்று, மறுபடி துடைக்க ஆரம்பித்தது. துளசாக்கா, "என்ன சிஸ்டர், மடில கொழந்தைய வெச்சிருக்கறவர்கிட்டப் பேசற பேச்சா இது" என்றாள். அவன் மடியில் அன்றைக்கும் யாருடைய குழந்தையோ உட்கார்ந்திருந்தது. அது அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கும்வரை இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

மாதம் முடியப்போகிற ஒரு நாளில் நாச்சிமுத்து நிறுத்தத்துக்குக் கடைசியாக வந்தான். கையில் மண்டியிலிருந்து எடுத்துவந்த ஒரு டின். மூடியிருந்த துணிக்கு மேலே ஆவி போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குள் ஏறி, பேட்டரி சீட்டுக்கு வந்து, வழக்கம்போல உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினான். "நீங்களும் கழட்டுங்க சிஸ்டர்" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். முதல் தடவையாக அவன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். இமை ஓரங்களில் மயிர் நரைத்திருந்தது.

"வேண்டாங்க, தண்ணி வழியே போதும். பாதின்னாலும் பரவால்ல" என்றாள் அவள், மெதுவாக.

"பாதின்னா எறும்புக்குத் தெரியாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றான். டின்னைச் சாய்த்தான்.

கால் பொறுக்கிற சூட்டில் சோடாத் தண்ணீர் அவர்கள் கால்களின் மேல் விழுந்து தரையில் பரவியது. துளசாக்கா பின்பக்கமிருந்து கத்திக்கொண்டே வந்தாள். "தண்ணி! தண்ணி! எவன்டா அது தண்ணிய ஊத்தறது?"

"தண்ணி இல்லைங்க்கா, சோடா" என்றான் நாச்சிமுத்து. "எறும்பு மொய்க்குதல்லங்க, சீட்டைக் கழுவிரலாம்னு."

துளசாக்கா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள், வழுவழுவென்று இருந்தது. மில்லில் அவளும் தரை கழுவியிருக்கிறாள். தண்ணீர்தான் ஆகாது என்று டீச்சர் சொன்னார், சோடாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்குக் கீழே எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று அப்போதுதான் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. "ஓயேட்டு சீட்டு இப்படியா கெடக்கும், நாலு பேர் வந்து ஏறற வண்டி" என்று சொல்லிக்கொண்டு துளசாக்கா பாவாடைத் துணியைச் சுருட்டித் தேய்க்க ஆரம்பித்தாள். முறைக்காரி தேய்த்தாள். மில் பெண்கள் எல்லோரும் குனிந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, இடம் போதாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, வண்டி திருப்பத்தில் ஆடும்போது மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து, சிரித்து, திரும்ப நிமிர்ந்து தேய்த்தார்கள். ஒருத்தி கோகிலவாணியின் பாதத்தையும் சேர்த்துத் தேய்த்தாள். ஒருத்தி நாச்சிமுத்துவின் காலைத் தூக்கி விரல் இடுக்குகளில் தேய்த்தாள், நாற்றம் பிடித்தவன் என்று ஒரு காலத்தில் அவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். சின்னவேல் விசில் ஊத மறந்ததில் வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போனது. டின்னில் மிச்சமிருந்ததையும் நாச்சிமுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வந்தான்.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கோகிலவாணி கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மோந்தாள். மறுபடி மோந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவள் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே எழுந்து, பையை எடுத்து, ஈரக் கால்களோடு செருப்பை மாட்டி, கேட் திறப்பதற்குக் காத்திருக்காமல் இறங்கிவிட்டாள். தண்டவாளத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று திரும்பப் போகிறவளைப் போலத் தெரிந்தது. செருப்பு வார் வழுக்கியதுதான். சரிசெய்துகொண்டு போனாள்.

வாசனை போய்விட்டது என்று வண்டிக்குத் தெரிய அரை மணி நேரம் ஆனது. தெரிந்தபோது சண்டை வந்தது. சோடா மட்டமான சோடா என்றார்கள், மண்டிச் சோடாவே அப்படித்தான் என்றார்கள். சின்னவேல் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றாமல் ஏமாற்றியிருக்கிறான் என்றார்கள். ரெஜினா டீச்சரைப் போய்க் கேட்டார்கள், அவர், இனி ஒட்டாது என்று மட்டும் சொல்லி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு நர்சு ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவோடு ஒட்டி உட்கார்ந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வலித்தைல சீட் மட்டும் பின்னால் நடந்துகொண்டிருந்தது. நீலப் பெயிண்டின் மேல் யாரோ மில்லுக்கு ஆள் எடுக்கிற நோட்டீஸ் ஒட்டினார்கள். துணிகள் வீடு திரும்பி மறுபடி தொட்டிலாகவும் கரித்துணியாகவும் ஆயின. கோயம்புத்தூருக்குப் போய் வந்தவர்கள், தீக்காய வார்டில் நர்சம்மாவைப் பார்த்தோம், கண்டுகொள்ளவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்றார்கள்.

நாச்சிமுத்து மண்டியில் மறுபடி டின்களுக்கு முன்னால் நின்றான். விரலை விட்டு மோந்தான். நல்லது நல்லதாகத் தெரிந்தது, கெட்டது கெட்டதாகத் தெரிந்தது. முன்பைவிடத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன்மேல் எந்த வாசனையும் இல்லை. வேலை முடியும்போது சட்டையின் முதுகிலும் கைமடிப்பிலும் வெள்ளைக் கோடுகள் பூத்திருந்தன. உதறினால் பொடியாக விழுந்தன, மறுநாள் திரும்ப வந்தன. ராத்திரியில் அதிகமாகத் தாகம் எடுத்தது.

வண்டியில் அவன் பின்படியில் நின்றான். யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனி மாதத்து முதல் மழை சாரலாக விழுந்த ஒரு நாள், கூட்டத்துக்கு நடுவிலிருந்து துளசாக்காவின் சத்தம் வந்தது.

"அங்க நின்னுட்டு என்ன பண்ற? உள்ள வந்து உக்காரு. காத்தும் வரமாட்டேங்குது, வெளிச்சமும் வரமாட்டேங்குது, கதவாட்ட நின்னுட்டு."

அவன் உள்ளே வந்தான். பேட்டரி சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சீட்டில் துளசாக்கா நகர்ந்து விட்ட ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்க, உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த கம்பியில் வைத்தான். வண்டி கிளம்பியது. துளசாக்கா சந்தை வாசலில் வாங்கிய மாங்காய்க் கீற்றுகளைக் காகிதத்திலிருந்து பிரித்தாள். மில்லில் புதிதாகப் போட்ட ஷிப்டு எந்த மனுசிக்கும் ஒத்து வராது, மேஸ்திரி பொண்டாட்டி வந்து ஒரு நாள் நின்று பார்க்கட்டும் என்று முன்சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே, ஒரு கீற்றை எடுத்து, அவன் முன்கையில் பூத்திருந்த வெள்ளைக் கோட்டில் மணிக்கட்டு வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்து, வாயில் போட்டுக்கொண்டு, அடுத்ததை எடுத்தாள்.